அகிற்புகை காட்டும் பண்பு

தமிழ் இலக்கியம் கற்பிக்கும் வகுப்புகளில் 'அகில்' என்னும் சொல் வந்தவுடன், 'ஒருவகை மணப்பொருள்' என்று பொருள் கூறிவிட்டு அடுத்த அடிக்குச் செல்வது வழக்கமாகிவிட்டது. அகராதி அளவில் இதில் பிழையில்லை. ஆயினும், சந்தனமும் மணப்பொருளே; கத்தூரியும் மணப்பொருளே; கருப்பூரமும் மணப்பொருளே. எல்லாவற்றுக்கும் ஒரே பொருள் கூறிவிட்டால், புலவர் ஓரிடத்தில் சந்தனத்தை ஒதுக்கி அகிலை எடுத்ததும், மற்றோரிடத்தில் அகிலை ஒதுக்கிச் சந்தனத்தை எடுத்ததும் ஏன் என்ற வினாவே மாணவர் உள்ளத்தில் எழாமற் போகும். வினா எழாத இடத்தில் சுவையும் பிறப்பதில்லை.

மணத்தைக் கொண்டு மனிதரை அறியலாம் என்னும் எண்ணம் இன்று வாணிகத்திலும் புகுந்துள்ளது. 2002இல் பிரெஞ்சு நிறுவனமான இவ் சாந் லோரான் 'எம் 7' என்னும் நறுமணத்தையும், 2007இல் டாம் ஃபோர்டு 'ஊத் உட்' என்னும் நறுமணத்தையும் வெளியிட்டபின், அகில் மணம் மேனாட்டுக் கடைகளில் பெரும்பொருளாயிற்று. 'ஊத்' என்பது அகிலுக்கு அரபு மொழியில் வழங்கும் பெயர். அச்சொல்லின் நேர்ப்பொருள் மரம் என்பதே. ஜார்ஜ் டவுனில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலை அடுத்த தெருக்களில் அத்தர் வாங்குவோர் இப்பெயரை நெடுங்காலமாக அறிவர். இன்றைய விளம்பரங்களோ மணத்தோடு ஓர் ஆளையும் சேர்த்து விற்கின்றன. இருளில் நிற்பவன், மறைபொருள் ஒன்றை உடையவன், செல்வமும் செருக்கும் மிக்கவன் என்பது அவ்வாளின் தோற்றம். புகையும் மரமும் கலந்த இம்மணத்திற்கு இவ்வுருவம்தான் உரியதா? தமிழ் நூல்கள் அகிற்புகையோடு சேர்த்துக் காட்டும் மனிதர் யாவர்? இவ்வினாக்களுக்கு நூல்களிலிருந்தே விடை காண முயல்வது பயனுடையது.

இரு பருவம், இரு மணம்

முதலில் நெடுநல்வாடையை நோக்குவோம். வாடைக் காற்று வீசும் கூதிர்க் காலத்து நகரத்தை நக்கீரர் காட்டுகிறார். வடநாட்டார் தந்த சந்தனக்கல்லும் தென்திசைச் சந்தனமும் பயனின்றிக் கிடக்கின்றன. குளிர்ந்த மாலைகளை மகளிர் சூடவில்லை. கூந்தலில் சில மலரே முடிக்க விரும்பி, தகர விறகில் நெருப்பு அமைத்து, வயிரமுற்ற கரிய அகிலையும் வெண்ணிறமான அயிரையும் இட்டுப் புகைக்கின்றனர். அயிர் என்பதற்குக் கண்டசருக்கரை என்று உரை கூறுவர்.

இனிச் சிலப்பதிகாரத்து அந்திமாலைச் சிறப்புச்செய் காதையை நோக்குவோம். அங்கே இதே பொருள்கள் தலைகீழாக வருகின்றன. மேற்றிசை அயிரையும் கீழ்த்திசைக் காரகிலையும் துறந்து, வடமலைக் கல்லில் தென்மலைச் சந்தனத்தை அரைக்கின்றனர் காதலரோடு கூடியிருக்கும் புகார் மகளிர். நக்கீரர் சந்தனத்தை விலக்கினார். இளங்கோவடிகள் அகிலை விலக்கினார். இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால், இவ்விரு மணங்களும் ஒன்றுக்கொன்று மாற்றாக வைக்கத்தக்க வெறும் அலங்காரங்கள் அல்ல என்பது தெளிவாகும். சந்தனம் வெப்பத்துக்கு எதிர். அகில் குளிருக்கும் ஈரத்துக்கும் எதிர். சந்தனம் பூசப்படுவது, அகில் எரிக்கப்படுவது. சந்தனம் பூசியவர் மேனியிலே தங்கும். அகிற்புகை ஓர் அறை முழுதும் பரவி, அங்குள்ள எல்லார்க்கும் உரியதாகும்.

எனவே அகிற்புகையின் முதல் வேலை மணப்பது அன்று, உலர்த்துவது. ஈரக் கூந்தலைப் புலர்த்துவதற்காகப் புகையை ஏற்றினர். புலர்ந்த கூந்தலில் மணம் தங்கிற்று. பயன் முன்னே செல்ல, மணம் பின்னே வருகிறது. இவ்வரிசையை மறந்துவிட்டால் அகிலைச் செல்வச் செருக்கின் அடையாளமாக மட்டுமே கொள்ள நேரிடும்.

மகளிர்க்கு மட்டுமா?

அகிற்புகை மகளிர் கூந்தலுக்கே உரியது என்பதும் பரவலான ஓர் எண்ணம். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டு இதனை மறுக்கிறது. தினைப்புனம் காக்கும் தலைவி முன் தோன்றும் தலைவனின் தோற்றத்தைத் தோழி செவிலிக்குக் கூறுகிறாள். எண்ணெய் தடவிய அவனுடைய குடுமியில் தகரச் சாந்து மணக்கிறது. ஈரம் புலர விரல்களால் கோதி, அகிற்புகையும் ஊட்டியிருக்கிறான். அம்மணத்தை நாடி வண்டுகள் யாழ்போல் ஒலிக்கின்றன. வேட்டை நாய்களோடு வரும் வீரன் இவன். வலிமைக்கும் மணத்துக்கும் முரண்பாடு இருப்பதாகக் கபிலர் கருதவில்லை.

இங்கே இன்னொன்றும் நோக்கத்தக்கது. இத்தோற்றத்தைச் சொல்பவள் தோழி. சொல்லும் நோக்கம், தலைவியின் காதல் தகுதியுடையான் ஒருவன்மேல் நிகழ்ந்தது என்று செவிலியை நம்பச் செய்வது. அதற்காக அவள் எடுத்துக்காட்டும் சான்றுகளுள் ஒன்று அகிற்புகை. அப்புகை ஊட்டப் பொழுது வேண்டும், பொறுமை வேண்டும், கருத்தோடு தன்னைப் பேணும் ஒழுங்கு வேண்டும். இவன் வழிப்போக்கன் அல்லன், பண்பட்ட குடியிற் பிறந்தவன் என்பதை வாயால் உரைக்காமல் அவன் தலைமயிரின் மணத்தால் உரைக்கிறாள் தோழி. மணத்தைக் கொண்டு ஒருவரின் இயல்பை உணர்த்தும் முறை தமிழுக்குப் புதியதன்று என்பதற்கு இதுவே போதிய சான்று.

மலையிலும் கடற்கரையிலும்

செல்வர் மனையில் மட்டும் அகில் புகைந்தது என்பதும் பொருந்தாது. நற்றிணைப் பாட்டு ஒன்றில் மலைவாழ் கானவன் அகிலைச் சுடுகிறான். அம்மணப்புகை மேகம்போலப் படர்ந்து மலைநாட்டையே மறைக்கிறது. சிறுபாணாற்றுப்படையிலோ கடலலை கொண்டுவந்து ஒதுக்கிய மணமரம், உறங்கும் ஒட்டகம்போலக் கரையிற் கிடக்கிறது. பரதவ மகளிர் அதனை விறகாக்கி அடுப்பெரிக்கின்றனர். அம்மரத்தை அகில் என்றே உரையாசிரியர் கொள்வர்.

கானவனுக்கும் பரதவப் பெண்ணுக்கும் அது விலைப்பொருள் அன்று, கைக்கெட்டிய விறகு. ஆயினும் புகை அதே மணத்தைத்தான் தருகிறது. எரிப்பவர் யார் என்று அகில் பார்ப்பதில்லை. அரண்மனைக்கு ஒரு மணமும் குடிசைக்கு ஒரு மணமும் அதற்கு இல்லை. இன்றைய விளம்பரம் காட்டும் செருக்குடைய மனிதனுக்கும் சங்கப் பாடல்கள் காட்டும் அகிலுக்கும் உள்ள முதல் வேறுபாடு இது.

கடாரத்து அகில்

பினாங்கில் வாழும் தமிழர்க்கு இப்பொருளில் தனி உரிமை ஒன்று உண்டு. பட்டினப்பாலை புகார்த் துறையில் குவிந்த பொருள்களைக் கூறுமிடத்து, அகிலை மேற்கு மலையில் பிறந்ததாகச் சொல்கிறது. காழகத்து ஆக்கத்தைத் தனியே குறிக்கிறது. காழகம் என்பது கடாரம் என்றார் நச்சினார்க்கினியர். சிலப்பதிகாரமோ அகிலைக் கிழக்கோடு இணைக்கிறது. ஊர்காண் காதையில் அகிலும் துகிலும் சந்தனமும் கருப்பூரமும் மரக்கலங்களில் வர, அவற்றின் மணத்தைச் சுமந்துகொண்டு கீழ்க்காற்று மதுரைக்குள் புகுகிறது. அப்பகுதிக்கு உரை கூறிய அடியார்க்குநல்லார், அகிலின் வகைகளாக அருமணவன், தக்கோலி, கிடாரவன், காரகில் என்பவற்றை எண்ணுகிறார். இவற்றுள் அருமணவன் பர்மாவின் தென்பகுதியையும், தக்கோலி மலாய்த் தீபகற்பத்தின் மேற்குக் கரையிலிருந்த தக்கோலத்தையும், கிடாரவன் கடாரத்தையும் குறிக்கும் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து.

கடாரம் இன்றைய கெடா. 1025இல் முதலாம் இராசேந்திர சோழனின் கடற்படை சென்ற நாடு அது. 1786இல் ஆங்கிலேயர் கைக்கு மாறும்வரை பினாங்குத் தீவும் கெடா சுல்தானின் ஆட்சியில்தான் இருந்தது. வானம் தெளிந்த நாளில் தீவின் கரையில் நின்று வடக்கே பார்த்தால் குனோங் ஜெராய் தெரியும். அம்மலையடியிலுள்ள பூஜாங் பள்ளத்தாக்கில் பழைய கோயில்களின் அடித்தளங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. ஆகவே, 'கிடாரவன்' என்னும் சொல்லை இங்குள்ள மாணவன் படிக்கும்போது அவன் தொலைதூர நாட்டு வழக்கைப் படிக்கவில்லை. தன் பள்ளிக்கு அருகிலுள்ள நிலத்தின் பெயரைத் தமிழ் உரைநூலில் காண்கிறான். இதைச் சொல்லாமல் அப்பகுதியைக் கடந்து செல்லும் ஆசிரியர் ஒரு பெரிய வாய்ப்பை இழக்கிறார்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். அடியார்க்குநல்லார் இளங்கோவடிகளுக்குப் பல நூற்றாண்டு பிற்பட்டவர். அவர் தரும் பட்டியல் அவர் காலத்துச் சந்தையின் பட்டியலாக இருக்கலாம். மேலும், மேற்குத் தொடர்ச்சி மலையில் வெள்ளகில் என்னும் வேறொரு மரம் உண்டு. எனவே பட்டினப்பாலையின் அகிலும் சிலம்பின் காரகிலும் ஒரே மரம் என்று துணிந்து கூறுதல் அரிது. ஒரு பெயரில் இரண்டு மரங்கள் வழங்கியிருக்கலாம். 'மேற்கிலிருந்து' என்று ஒரு நூலும் 'கிழக்கிலிருந்து' என்று ஒரு நூலும் கூறுவதை முரண் என்று தள்ளாமல், வாணிக வரலாற்றின் சுவடு என்று கொள்வதே பொருத்தம்.

கண்ணகியும் மாதவியும்

அகிற்புகை காட்டும் பண்பை மிக நுட்பமாக ஆண்டவர் இளங்கோவடிகள். மனையறம் படுத்த காதையில் கோவலன் கண்ணகியைப் பாராட்டுகிறான். அவளை ஒப்பனை செய்தவர்கள் ஏன் இத்தனை மிகையாகச் செய்தனர் என்று வினவும் முறையில் அப்பாராட்டு அமைந்துள்ளது. மங்கல அணி இருக்க மற்ற அணிகள் எதற்கு? கூந்தலில் சில மலர் இருக்க மாலை எதற்கு? நெய்ப்பூச்சும் நல்லகிலின் புகையும் இருக்கக் கத்தூரிச் சாந்து எதற்கு? இவ்வாறு ஒவ்வோர் இணையிலும் முன்னது போதும், பின்னது மிகை என்கிறான். போதும் என்ற பக்கத்திலே அகிற்புகை நிற்கிறது. மிகை என்ற பக்கத்திலே கத்தூரி நிற்கிறது.

கடலாடு காதையில் மாதவி ஊடல் தீர ஒப்பனை செய்துகொள்கிறாள். பத்துத் துவரும் ஐந்து விரையும் முப்பத்திரண்டு ஓமாலிகையும் ஊறிய நன்னீரில் அவள் கூந்தல் ஆட்டப்படுகிறது. கூட்டிப் பார்த்தால் 47 பொருள்கள். ஐவகை விரையுள் அகிலும் ஒன்று என்பது உரைவழி அறியப்படும். பின்னர்ப் புகையாற் கூந்தலைப் புலர்த்தி, வகுத்த பகுதிதோறும் கத்தூரிக் குழம்பை ஊட்டுகின்றனர். எந்தக் கத்தூரி கண்ணகிக்கு மிகை என்று கோவலன் கூறினானோ, அதே கத்தூரி மாதவியின் கூந்தலில் ஒரு பகுதியும் விடாமல் ஊட்டப்படுகிறது.

இரு காதைகளையும் தனித்தனியே படிப்போர்க்கு இத்தொடர்பு தோன்றாது. சேர்த்துப் படித்தால், கோவலனின் வாழ்க்கைச் சிக்கல் முழுவதும் இவ்விரு கூந்தல்களில் அடங்கியிருப்பது புலப்படும். போதும் என்பதன் அருமையை அவன் அறிந்திருந்தான். அழகாக எடுத்துரைக்கவும் வல்லவனாயிருந்தான். அறிந்ததை வாழ்க்கையிற் கைக்கொள்ளத்தான் அவனால் இயலவில்லை. தன் வாயாற் சொன்ன அளவுகோலே அவனை அளக்கும் கோலாகிவிட்டது.

இதனால் மாதவியைத் தாழ்த்துவது அடிகளின் கருத்தன்று. அவள் கலைமகள், ஒப்பனை அவள் கலையின் பகுதி. அவள் கூந்தலும் புகையாற் புலர்த்தப்பட்டதே. கற்புடைய மனைவிக்கு அகில், ஆடல்மகளுக்குக் கத்தூரி என்று எளிய வாய்பாடு ஒன்றை அடிகள் அமைக்கவில்லை. கண்ணகியிடம் புகை போதுமானதாக நிற்கிறது. மாதவியிடம் அது பலவற்றுள் ஒன்றாகக் கரைகிறது. வேறுபாடு பொருளில் இல்லை, அளவில் இருக்கிறது. பிற்காலத்தில் மாதவியும் அனைத்தையும் துறந்து பௌத்த அறம் மேற்கொள்கிறாள் என்பதையும் மறத்தலாகாது.

மீண்டும் அந்திமாலைக் காதையை எண்ணுக. காதலரோடு கூடிய மகளிர் காரகிலைத் துறந்தனர் என்று கூறிய அதே காதையில்தான், கணவனாற் பிரியப்பட்ட கண்ணகி சிலம்பும் மேகலையும் சாந்தும் மையும் திலகமும் இன்றி இருப்பதும், அவள் கூந்தல் நெய்யை மறந்திருப்பதும் கூறப்படுகின்றன. பருவம் மாறியதால் ஒதுக்கப்பட்டது அகில். மனம் மாறியதால் ஒதுக்கப்பட்டவள் கண்ணகி. அடிகள் இதனை வெளிப்படையாக ஒப்பிடவில்லை. ஆயினும் இரண்டையும் ஒரே காதையில் வைத்த அமைப்பை நோக்குங்கால், அவ்வொப்புமையைக் கற்போர் உணர்வது குற்றமாகாது. முடிவில் பாண்டியன் அவையில் புழுதி படிந்த மேனியோடும் விரிந்த கூந்தலோடும் கண்ணகி நிற்கும்போது, ஒரு காலத்தில் அகிற்புகையே போதும் என்று பாராட்டப்பட்ட கூந்தல் அது என்பதை நினைப்பவர்க்கு அக்காட்சியின் துயரம் இரட்டிக்கும்.

நெடுநல்வாடையிலும் இது போன்ற அமைப்பு உண்டு. நகர மகளிர் கூந்தலுக்கு அகில் புகைக்கின்றனர். அரசியோ, போர்ப்பாசறையிலுள்ள கணவனை நினைந்து, அணி களைந்து, ஒப்பனையின்றி இருக்கிறாள். அகிற்புகை ஊரில் இருக்கிறது. அதற்குரிய உள்ளம் அரண்மனையில் இல்லை.

சொந்த மணமும் ஏற்ற மணமும்

மணம் ஒருவரின் இயல்பா, மேலே ஏற்றியதா என்னும் வழக்கு தமிழுலகில் புகழ்பெற்றது. குறுந்தொகையின் இரண்டாம் பாட்டைச் சூழ்ந்து எழுந்த திருவிளையாடற் கதையில், பெண்கள் கூந்தலுக்கு இயற்கை மணம் இல்லை, செயற்கையால்தான் மணம் வருகிறது என்று நக்கீரர் வாதிடுகிறார். 1965இல் வெளிவந்த 'திருவிளையாடல்' திரைப்படத்தால் அவ்வழக்கு பட்டிதொட்டிகளிலும் பேசப்பட்டது. சப்பானிய மொழியில் 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முரசாகி ஷிகிபு இயற்றிய கெஞ்சியின் கதையிலும் இவ்வழக்கின் சாயல் உண்டு. அங்கே கவோரு என்பான் பிறப்பிலேயே மணமுடையவன். அவனோடு போட்டியிடும் நியோ என்னும் இளவரசன் பலவகை நறும்புகைகளைக் கலந்து தனக்கு ஏற்றிக்கொள்கிறான்.

அகில் இவ்வழக்கில் ஒரு நடுவழியைக் காட்டுகிறது. அதன் மணம் அதற்குச் சொந்தமானது. ஆயினும் நெருப்பு இல்லாமல் அது முழுமையாக வெளிப்படுவதில்லை. உள்ளே இருப்பது, உரிய வேளையில் வெளியே வருகிறது. புலவர்கள் 'காழ்' என்றும் 'கார்' என்றும் அடைகொடுத்து, மரத்தின் உள்வயிரத்தையும் கருமையையுமே சிறப்பித்ததன் காரணமும் இதுவாகலாம்.

இன்றைய மரநூல் இன்னொரு செய்தியைச் சேர்க்கிறது. மலாய்க்காரர் கராஸ் என்று வழங்கும் இம்மரம் நலமாக இருக்கும்போது அதன் கட்டை வெளிறியது, எடை குறைந்தது, மணமற்றது. காயம்பட்டுப் பூஞ்சை புகுந்தபின், மரம் தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் பிசின்தான் கட்டையைக் கருமையாக்கி மணம் ஊட்டுகிறது. பிசின் மிகச் செறிந்த துண்டு நீரில் மூழ்கும். இம்மணக்கட்டையைக் காஹாரு என்பர். அதற்காக மரங்கள் அளவின்றி வெட்டப்பட்டமையால், 1995 முதல் மலேசியாவிலும் வளரும் முக்கிய இனம் பன்னாட்டு வாணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 2004இல் அப்பேரினம் முழுவதையும் அதில் சேர்க்க முடிவாயிற்று. காயத்தால் பிறக்கும் மணம் என்பது நெஞ்சைத் தொடும் செய்தியே. ஆனால் அதனைச் சங்கப் புலவர் அறிந்து பாடினர் என்று கூற நூல்களில் இடமில்லை. அறிவியலை அறிவியலாகவும் பாட்டைப் பாட்டாகவும் வைத்து, ஒன்றின் அருகே மற்றொன்றைக் காட்டுவதே நேர்மையான கற்பித்தல்.

கற்பிக்கும் வழி

வாடையை அறியாத நாடு இது. கூதிர்க் காலம் என்றால் என்னவென்று இங்குள்ள குழந்தைக்குச் சொல்லாலே உணர்த்துவது கடினம். ஆயினும் ஒரு வழி உண்டு. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய குழந்தையின் தலையைச் சாம்பிராணிப் புகையில் காட்டிப் புலர்த்தும் வழக்கம் தமிழ் இல்லங்களில் இன்னும் அற்றுப்போகவில்லை. நெருப்புச் சட்டியும் அதன்மேல் எழும் புகையும் ஈரம் உலர்ந்த தலையின் மணமும் குழந்தைகளுக்குத் தெரிந்தவை. அங்கிருந்து தொடங்கினால் நெடுநல்வாடையின் மகளிரும் குறிஞ்சிப்பாட்டின் தலைவனும் மனையறம் படுத்த காதையின் கண்ணகியும் அயலாராகத் தோன்றமாட்டார்.

ஜார்ஜ் டவுனில் குவீன் தெருவின் மகாமாரியம்மன் கோயிலிலும், குவான் யின் கோயிலிலும் நறும்புகை எழுவதை மாணவர் நாளும் காண்கின்றனர். அப்புகை தெய்வத்துக்கு உரியது என்றே அறிந்தவர்கள், மனிதரின் பண்பைச் சொல்லவும் புலவர்கள் புகையை ஆண்டனர் என்பதை அறியும்போது வியப்படைவர்.

தமிழ் நூல்கள் காட்டும் அகிற்புகை மனிதர், இருளில் நின்று பிறரை அச்சுறுத்துபவர் அல்லர். பயனைப் பின்தள்ளிப் பகட்டை முன்னிறுத்துபவரும் அல்லர். தம்முள்ளே வயிரம் உடையவர். வேண்டிய வேளையில் பிறர்க்குப் பயன்படுபவர். எளியவர் அடுப்பிலும் அரசர் மனையிலும் ஒரே தன்மையாய் இருப்பவர். போதும் என்ற அளவை அறிந்தவர். 'அகில், ஒருவகை மணப்பொருள்' என்னும் குறிப்போடு நின்றுவிட்டால் இம்மனிதரை மாணவர்க்கு அறிமுகம் செய்யாமலே விட்டவராவோம். ஒரு சொல்லுக்குப் பொருள் கூறுவது எளிது. அச்சொல்லோடு வாழ்ந்த மக்களைக் காட்டுவதே ஆசிரியப் பணி.